முதுகுப்பக்கமாக எடுத்த காட்சி

2024ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, எதிர் மேட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. பனி மூடி அது தெரியாத நாளில் குடையோடு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். பால் காய்ச்சினேன். காயாமல் தொங்கிக்கொண்டிருந்த துணிகளை அடுப்புப் பக்கமாக மாற்றிப் போட்டேன். பிறகு சனிக்கிழமைக்கான டைரிப் பக்கத்தை எழுதினேன். அன்றன்றைக்கு நடந்ததை அன்றே நான் எழுதுவதில்லை. மறுநாள் காலையில் எழுதினால் நடந்தது மட்டும் நிற்கும்; அதன் மேல் படிந்த கோபமோ சந்தோஷமோ கொஞ்சம் இறங்கியிருக்கும்.

குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஏலத்துக்கு முன்னால் வரும் சாம்பிள் பொட்டலங்களில் தோட்டத்தின் பெயரும் ரகமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவது என் பொறுப்பு. சீட்டு மாறினால் ஒருவருடைய தேயிலை இன்னொருவர் பெயரில் விலைபோகும். அந்தப் பயத்திலேயே வருடங்கள் ஓடிவிட்டதால், எந்தப் பொருளையும் பெயர் எழுதி ஒட்டாமல் வைக்க என்னால் முடியாது. மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் சீட்டு உண்டு, மெமரி கார்டுக்கும் உண்டு.

மெமரி கார்டுகள் என் வீட்டுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை வேலையால். கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் ஒருவரும் நானும் சேர்ந்து, முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் சின்னச் சின்னப் படங்கள் செய்கிறோம். நாங்கள் செய்கிறோம் என்பதைவிட அந்தந்த இடத்து மக்கள் செய்கிறார்கள் என்பதே சரி. போனை ஆடாமல் பிடிக்கக் கற்றுக்கொடுப்போம், மைக் கொடுப்போம், அவர்கள் எடுத்ததை வெட்டி ஒட்டிக் கொடுப்போம். அவலாஞ்சிப் பக்கம் பஸ் நின்றுபோன ஓர் ஊருக்காக ஒரு படம் செய்தோம். பஸ் திரும்ப வந்தது, காலையில் ஒரு நடை மட்டும். குன்னூரில் சாக்கடை அள்ளுபவர்களைப் பற்றி ஒன்று செய்தோம். அதனால் எதுவும் வரவில்லை.

எங்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. படத்தில் இருப்பவர்கள், அவர்கள் இடத்திலேயே, அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியாருக்குக் காட்டுவோம். பார்த்தபின் யாராவது தன் பேச்சை எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் எடுக்க வேண்டும். எடுத்ததை அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும், எத்தனை நகல் இருந்தாலும். இந்த விதிகளைச் சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டாவது விதியின்படி நடக்க வேண்டிய தேவை அதுவரை எங்களுக்கு வந்ததில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், வெள்ளைப் படுக்கை விரிப்பு, வயர்கள் எல்லாவற்றையும் சரிபார்த்து நான் வேனில் ஏற்றுவதற்குள் வீடியோக்காரர் இரண்டு முறை இறங்கி ஏறிவிட்டார்.

"ஏனுங்கக்கா, கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் எடுக்காதுங்க."

"போன தடவை வயரை விட்டுட்டு வந்தது யாரு?"

"அதையே எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க," என்றபடி வண்டியை எடுத்தார்.

நாங்கள் போனது ஒரு தனியார் எஸ்டேட்டின் கடைசி லைனுக்கு. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்த குடும்பங்கள். லைன் என்று மற்றவர்கள் சொல்லும் தொழிலாளர் வீட்டு வரிசையை அவர்கள் இன்னும் லயம் என்கிறார்கள். அதில் ஒரு குடும்பம் இருக்கும் அறையைக் காம்பரா என்கிறார்கள். லயத்துக்குப் போகும் ரோடு எஸ்டேட்டுடையது. மெயின் ரோட்டிலிருந்து அது பிரியும் இடத்தில் ஓர் இரும்புக் கேட் உண்டு. பகலில் திறந்திருக்கும். கொழுந்து லாரி போனதும் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். மரம் கடத்துகிறவர்களும், குடிக்க இடம் தேடி வரும் சுற்றுலாக்காரர்களும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது காரணம். பொய்யான காரணம் அல்ல. ஆனால் சாவி மேலே, துரை என்று அவர்கள் சொல்லும் மேனேஜரின் பங்களாவில் இருக்கும், லயம் பள்ளத்தில் இருக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு பொழுதுசாயும் வேளையில், ஃபாக்டரியில் வேலை பார்த்த ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அதற்குமேல் நடந்ததை அவர் மனைவி எங்கள் கேமராவில் சொல்லியிருந்தார்:

"வெளக்கு சுத்துறது தேயில மேல விழுந்து விழுந்து போகுது. நான் பங்களாவுக்கு ஓடுறேன். தொரகிட்டக் கேக்காம சாவி குடுக்க முடியாதுங்கிறான் காவக்காரன். தொர கோயமுத்தூருல. போனு போகல. அவன் என்னாத்தச் செய்வான். நான் திரும்பி ஓடியாரேன். இவங்க நாக்காலியில வச்சுத் தூக்கிட்டுக் குறுக்கு வழியா எறங்குறாங்க. பாதி எறக்கத்துல அவரு தல ஒரு பக்கமாப் போயிருச்சு. அப்பறமும் தூக்கிட்டுத்தான் போனோம். எறக்கி வைக்க எடமில்ல. எல்லாம் செடிதான்."

அன்று கேட் பூட்டியிருக்கவே இல்லை என்பது எஸ்டேட் ஆபீசின் பேச்சு. லயத்தில் எல்லாருக்கும் உண்மை தெரியும், சொன்னவர் இவர் ஒருவர்தான். அவர் கணவர் இறந்த மாதமே அவர்களுடைய மகனுக்கு ஃபாக்டரியில் தற்காலிக வேலை கொடுத்தார்கள். காம்பரா மகன் பெயருக்கு மாறியது. வேலை இருக்கும்வரைதான் காம்பரா. இவருக்குத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வேலை இன்னும் கொஞ்ச காலத்துக்கு மட்டுமே, ஓய்வு நெருங்கிவிட்டது.

இவ்வளவும் தெரிந்துதான் அவர் பேசினார். பக்கத்துக் காம்பராவில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள். "அதுக்கு தை மாசம் நாளு. கேட்டு பூட்டுனதுக்கு அப்பறம் வலி கண்டா அதையும் நாக்காலியிலயா தூக்குறது," என்று கேட்டார். லயத்தார் சேர்ந்து கொடுத்திருந்த மனுவில் கேட்டது பெரிய விஷயம் அல்ல. இன்னொரு சாவி லயத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாளில் எங்கள் படத்தைப் பார்ப்பதாக ஓர் அதிகாரி ஒப்புக்கொண்டிருந்தார்.

மகன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். அம்மா பேசலாம், அம்மா என்று தெரியக் கூடாது. எனவே முதுகுப்பக்கமாக எடுத்தோம். காம்பராவின் பின்வாசல் படியில் அவர் உட்கார்ந்திருப்பார், எதிரே தேயிலைச் சரிவு, கேமரா அவருக்குப் பின்னால். வேலைக்குப் போகும் உடுப்பிலேயே இருக்கச் சொன்னோம்: தலையில் துண்டு, சட்டை, இடுப்பைச் சுற்றித் தார்ப்பாய்த் துண்டு. அதை அவர்கள் படங்கு என்பார்கள். செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் இருக்கக் கட்டிக்கொள்வது.

"இந்த டிரஸ்ல இருந்தா எல்லாரும் ஒண்ணுதானுங்களே," என்றார் வீடியோக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். முகம் இல்லை. மூக்குத்தி இல்லை. வளையலைக் கழற்றச் சொல்லியிருந்தேன். சுவரில் பெயின்டால் எழுதிய காம்பரா எண்ணை மங்கலாக்கினேன். குரலைக் கனமாக மாற்றினேன். அதற்குமேல் ஒருவரை அடையாளம் காட்ட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

திரையிட்டது பிள்ளைமடுவத்தில். வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடத்துக்கு அந்தப் பெயர். இப்போது லயத்தில் கைக்குழந்தைகள் அதிகம் இல்லாததால் உரமூட்டைகள் பாதி இடத்தைப் பிடித்திருந்தன. ஜன்னல்களைச் சாக்கால் மறைத்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் தலைக்குக் குளித்து, ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தார்கள். சூப்பர்வைசரும் வந்து வாசலோரம் நின்றார். அவரும் அதே லயத்துக்காரர். வயதானவர்கள் அவரைக் கங்காணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரை வரவேண்டாம் என்று சொல்ல எங்கள் விதியில் இடமில்லை. அக்கம்பக்கத்தார் என்றால் அவரும்தான்.

படத்தின் தொடக்கத்தில் கேட்டைக் காட்டினோம். பிறகு ஸ்கூல் பிள்ளைகள் அதன் வழியாக நடந்து வருவது. பிறகு பெண்கள் அவர்களே போனில் எடுத்தவை. ஒருத்தி எடுத்ததில் அவள் விரல் பாதித் திரையை மறைத்திருந்தது.

"இது யாரு வெரலு, பூசணிக்கா மாதிரி?"

"ஒன் மாமியா வெரலு. பேசாம பாரு."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்த முதுகு திரையில் வந்தது. பேச்சு இன்னும் தொடங்கவில்லை. பனிக்குள் தேயிலைச் சரிவு, படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சொன்னாள்: "அடியாத்தி, அந்த முடிச்சப் பாரு. இது நம்ம அக்கா முடிச்சுல்ல."

"ஆமா, எடப்பக்கம் சொருகியிருக்கு பாரு, வாலு மாதிரி."

"அக்கா, மொகத்த விட முதுகுதான் ஒங்களுக்கு எடுப்பா இருக்கு. இதையே காட்டிட்டு இருங்க."

பின்வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரும் சிரித்துவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கேலி செய்தவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தெரிந்தவளைத் திரையில் பார்த்த சந்தோஷம் மட்டும்தான்.

அந்த முடிச்சு என்ன என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பொரு முறை சரிவில் விழுந்ததில் அவருடைய வலது தோள் சரியாகத் தூக்க வராது. மற்றவர்கள் படங்கின் கயிற்றை முதுகுக்குப் பின்னால் கட்டுவார்கள். அவருக்குக் கை போகாது. அதனால் கயிற்றை இடப்பக்கமாக இழுத்து, விலாவுக்குக் கீழே முடிச்சுப் போட்டு, நுனியை மேல்நோக்கிச் சொருகிக்கொள்வார். மலையில் வரிசை கட்டிக் கொழுந்து எடுக்கும்போது, மேலே நிற்பவளுக்குக் கீழே நிற்பவளின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். வருடக்கணக்காக அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பது அப்படித்தான். நாங்கள் முகத்தை மறைத்தோம். அவர்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த பக்கத்தைத் திரை நிறையக் காட்டினோம்.

பேச்சு தொடங்கியது. கனமாக மாற்றிய குரல் ஆண் குரல்போல இருந்ததற்கும் கொஞ்சம் சிரித்தார்கள். பங்களாவுக்கு ஓடினது வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சாவி என்ற சொல் வந்ததும் தலைகள் திரும்பின. முதலில் அவரைப் பார்த்தார்கள். அப்புறம் மகனை. அப்புறம் வாசலில் நின்ற சூப்பர்வைசரை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் தூக்கியது வந்தபோது வெளியே போய்விட்டார்.

படம் முடிந்தது. கேலி செய்த பெண் எழுந்து வந்து, "அக்கா, நான் தெரியாமல்ல சொல்லிட்டேன்," என்றாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மகன் எழுந்து போய்விட்டான்.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சூப்பர்வைசர் எனக்காக நின்றிருந்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கீங்க, மேடம். நானும் தூக்குனவன்தான். நாக்காலியோட முன்னங்கால் ரெண்டும் என் கையிலதான் இருந்துச்சு."

நான் கையிலிருந்த வயரைச் சுருட்டினேன்.

"நாளைக்குப் பெரட்டு முடிஞ்சதும் ஆபீசுல கேப்பாங்க," என்றார். பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கக் கூட்டி நிறுத்துவது. "படத்துல என்னா இருந்துச்சு, யாரு பேசுனாங்கன்னு கேப்பாங்க. நான் தெரியாதுன்னா இன்னொரு வாய் சொல்லும். இத்தன பேரு பாத்திருக்கு."

"சொன்னா என்ன ஆகும்?"

"பையன் டெம்பரவரி. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல. வேல இல்லன்னா காம்பரா இல்ல."

"இதுக்கு வழியே இல்லையா?"

அவர் குழாயைத் திறந்து கையை நனைத்து மூடினார். "பெரட்டுக்கு முன்னாடி அந்தப் பேச்சு அழிஞ்சுபோயிருந்தா, அப்பிடி ஒண்ணு இல்லன்னே நான் சொல்லிருவேன். கேட்டக் காட்டுனாங்க, புள்ளைங்க நடந்துச்சு, அவ்வளவுதாம்பேன்."

"எல்லாரும்தான் கேட்டுட்டாங்களே."

"காதுல விழுந்தது வேற மேடம். எடுத்துக் காட்டக் கையில ஒண்ணு இருக்கிறது வேற. கையில இல்லன்னா ஆபீசும் விட்டுரும். அவங்களுக்கும் அதக் கெளற இஷ்டமில்ல."

அவர் மிரட்டினார் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னார்.

காம்பராவுக்குப் போனேன். மகன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அம்மா அடுப்பில் தேநீர் வைத்திருந்தார்.

"நீங்க வேணும்னு செய்யல மேடம், தெரியும்," என்றான் மகன். "ஆனா நீங்க இப்ப வண்டி ஏறிக் குன்னூரு போயிருவீங்க. நாங்க?"

அம்மா அவனைப் பேசாதே என்பதுபோலப் பார்த்துவிட்டு எனக்குத் தம்ளரைக் கொடுத்தார். "தலமன்னாருல கப்பல் ஏறுறப்ப எனக்கு வெவரம் பத்தாத வயசு," என்றார். "எங்கம்மா அம்மியத் தூக்கிட்டு வர விடலன்னு அழுதுச்சு. அங்க போனா வீடு குடுப்பாங்க, அம்மி குடுப்பாங்கன்னு சொல்லி ஏத்தி விட்டாங்க. எறங்குன பெறகு எத்தன எடம். கடைசியா இந்தக் காம்பரா. இதையும் விட்டா நான் எந்தக் கப்பல்ல ஏறுறது, தங்கச்சி?"

காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டில் அதுவரை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நின்றிருந்தது.

அவரும் அதைக் கவனித்தார். சுவரின் மேல்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எடுத்துருங்க."

காரணம் கேட்கக் கூடாது என்பது விதி. இங்கே காரணம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. சரி என்றேன். அங்கேயே அழித்திருப்பேன். ஆனால் நகல் மூன்று இடத்தில் இருந்தது: கேமராவின் கார்டில், லேப்டாப்பில், என் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில். எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று எப்போதும் மூன்று வைப்பேன். மூன்றையும் காலையில் கொண்டுவருகிறேன் என்றேன்.

"பெரட்டுக்கு முன்னாடி வந்துருங்க," என்றான் மகன்.

திரும்பும்போது கேட்டில் காவல்காரர் எங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார். நாங்கள் வெளியேறியதும் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். வண்டிக் கண்ணாடியில் அது தெரிந்தது. வீடியோக்காரர் மெயின் ரோட்டில் வண்டியைத் திருப்பினார்.

"ஏனுங்கக்கா, ஒரே ஒரு காப்பிய மட்டும் வெச்சுக்கலாமுங்க. ஆருக்குத் தெரியப்போவுது? அந்தம்மா ரிட்டயர் ஆகி, பையனுக்கு வேற பக்கம் வேல கெடச்சு, அப்புறம் ஒருநாள் காட்டிக்கலாம்."

"அவங்க முன்னாடி அழிக்கறதா சொல்லியாச்சு."

"மூணையும் அழிங்க. நாலாவதா ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்ங்கறேன்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

அவர் கியரை மாற்றினார். வளைவு தாண்டியதும் சொன்னார்: "இல்லீங்க. இன்னிக்கு எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

"வேண்டாம்."

"நாளைக்கு ஊட்டில என்னத்தைங்க காட்டறது? பூட்டும் பனியுமா? தாலி கட்டறத விட்டுப்போட்டுப் பந்திய மட்டும் எடுத்தாப்பல இருக்கும்."

"இருக்கட்டும்."

அவர் கேட்டது தப்பில்லை. என் மனதிலும் அதே கேள்விதான். இன்னொன்றையும் வண்டியில் வைத்து யோசித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவை உட்காரவைத்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், முகத்தைக் காட்டியே பேசுங்கள், செய்தியாகிவிட்டால் எஸ்டேட் தொட பயப்படும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒப்புக்கொண்டிருக்கக்கூடும். அப்படிப் பேசவைத்த வேறு இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். செய்தி ஒரு வாரம் ஓடும். காம்பராவில் அதற்குப் பிறகும் அவர்தான் இருக்க வேண்டும், அல்லது இருக்க முடியாமல் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திரும்பத் தொகுத்தேன். அவர் பேச்சை எடுத்த இடத்தில் வேறு எதை வைப்பது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் பேச இன்னொருவர் இல்லை, இனி வரவும் மாட்டார். எனவே பூட்டிய கேட்டின் காட்சியை அங்கே நீட்டினேன். சத்தம் எதுவும் சேர்க்கவில்லை.

அழிக்க வேண்டிய கோப்புகளைத் தனியாக எடுத்து வைக்கும்போது, பயிற்சி என்று நான் பெயர் எழுதியிருந்த பழைய கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. அதற்கு முந்தின வருடம், முதல்முறையாக லயத்துக்குப் போய்ப் போன் பிடிக்கக் கற்றுக்கொடுத்த நாளில் அவர் எடுத்தது. குழாயடியில் அவருடைய கணவர் ரப்பர் பூட்ஸைக் கழுவுகிறார். போனைப் பார்த்ததும் வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "என்னைய ஏன் புடிக்கிற. போயி ஆட்டப் புடி," என்கிறார். அதற்குப் பிறகு கடைசிவரை முதுகுதான். அதை ஒரு புதுக் கார்டில் ஏற்றினேன். கார்டுக்குச் சீட்டு ஒட்டும்போது பயிற்சி என்று எழுதாமல், குழாயடி என்று எழுதினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஜன்னலைத் திறக்கவில்லை, பால் காய்ச்சவில்லை, டைரியில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எழுதவில்லை. முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கையும் லேப்டாப்பையும் கார்டையும் பையில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். காவல்காரர் அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். லயத்தில் எல்லா அடுப்பிலும் புகை வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா வேலை உடுப்பில் தயாராக இருந்தார். படங்கை மட்டும் இன்னும் கட்டவில்லை. மகன் வாசலில் நின்றுகொண்டான், யாரும் உள்ளே வராதபடி.

"ஒரு தடவ கேட்டுக்கிறட்டுமா?" என்றார்.

பக்கத்தில் கேட்காமலிருக்க இயர்போனைக் கொடுத்தேன். குரலை மாற்றாத மூலப் பதிவு அது. படம் ஓடி முடியும்வரை அசையாமல் பார்த்தார். அழவில்லை. இயர்போனைக் கழற்றிவிட்டு, "இப்பிடியா கட்டுறேன் நான்," என்று மட்டும் கேட்டார். அவர் தன் முதுகைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நேற்று பார்த்திருக்கலாம், ஆனால் நேற்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். கார்டில் இருந்ததை அழித்தார். லேப்டாப்பில் இருந்ததை அழித்தார். ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும், "இதுதான் கடைசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுத்தினார். புதுக் கார்டைக் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். இப்போது பார்க்கவில்லை, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

படங்கை எடுத்துச் சுற்றினார். கயிற்றைப் பிடித்தபடி ஒரு கணம் நின்று, வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார். போகவில்லை. இடப்பக்கமே இழுத்து முடிச்சுப் போட்டு, நுனியைச் சொருகிக்கொண்டு வெளியே போனார். கர்ப்பிணிப் பெண் அவள் வாசலில் நின்றிருந்தாள். அவள் வழிவிட்டு ஒதுங்கினாள்.

பெரட்டுக் களத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சூப்பர்வைசர் அவரைப் பார்த்தார். பிறகு வேன் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.